எல்லாருக்கும் தெரிந்த கடைசி வரி

கண் பரிசோதகர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ‘உங்கள் காலத்து முன்னோடிகள்’ என்று தலைப்பையும் அவர்களே வைத்திருந்தார்கள். அந்தத் தலைப்புக்கு எழுத எனக்கு வராது. எங்களில் யாரும் எதையும் எட்டிப் பிடிக்க ஓடியதாக எனக்கு நினைவில்லை. பயந்து ஓடியதுதான் நினைவிருக்கிறது. எதற்குப் பயந்தோம் என்பதைச் சொல்கிறேன். மலரில் இடம் இருந்தால் போட்டுக்கொள்ளட்டும்.

என் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. அதன்பின் கொழும்பில் சுருட்டுக் கடை, தூத்துக்குடியில் உப்பளம், திருச்சியில் ரயில்வே கொட்டகை என்று அலைந்தேன். ஒரே ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. சென்னையில் ஒரு வெள்ளைக்காரர் கடையின் பின்கட்டில் கண்ணாடி வில்லை தேய்த்தேன். மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை போயிற்று. அந்த வேலையையும் விட்டுவிட்டுத் தெற்கே போகும் வழியில், அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்ததால் மதுரையில் இறங்கி நடந்தேன். மேற்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ‘கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி தரப்படும்’ என்று பலகை தொங்கியது. வில்லை தேய்க்கத் தெரியும் என்று சொன்னேன். அந்த ரயிலை நான் பிடிக்கவில்லை. யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு நடந்தது இது.

கடை தேவசகாயம் சாருடையது. பசுமலை மிஷனில் படித்து வளர்ந்த கிறிஸ்தவர். கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் கண் பார்க்கும் தொழிலை முறையாகக் கற்றவர். அந்த நாளில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தட்டில் கண்ணாடிகளைப் பரப்பி வைத்து விற்பார்கள். வாங்குகிறவர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எதில் நன்றாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்வார். கண்ணில் நோய் இருந்தாலும் கண்ணாடிதான் கிடைக்கும். சார் இதை வெறுத்தார். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் விருதுநகரிலும் முறையாகக் கடை வைத்திருந்த ஐந்து பேரைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். இருபதடி தூரத்தில் உட்காரவைத்துத்தான் பார்ப்பது, நோய் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவது, ஆறு கடையிலும் ஒரே அளவில் ஒரே எழுத்து அட்டை மாட்டுவது என்று மூன்று விதிகள் வைத்தார்கள்.

சார் பரிசோதிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைப்பார். வில்லை மாற்றி மாற்றிப் போடும் கனமான சோதனைச் சட்டத்தை வந்தவரின் மூக்கில் மெல்ல உட்காரவைத்து, ஒரு கண்ணைக் கறுப்புத் தட்டால் மூடுவார். அவருடைய இடது பக்கத்தில் நின்றுகொண்டு, “கடைசி வரியில என்ன தெரியுது, சொல்லுங்க” என்பார். ‘தெரியுதா’ என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள் என்பார். தப்பாகப் படித்தாலும், “சரி, அடுத்தது” என்பாரே தவிரத் தப்பு என்று சொல்ல மாட்டார். கடைசி வரியைப் படித்துவிட்டால் மேல் வரிகளைக் கேட்பதில்லை. சிறியதைப் படிக்கிறவனுக்குப் பெரியது தெரியாமலா போகும்? அட்டையைத் திரும்பியும் பார்க்க மாட்டார். படிக்கிறவரின் இமையைத்தான் பார்ப்பார். இமை சுருங்கினால் கண் திணறுகிறது என்று அர்த்தம்.

ஒரு பஸ் முதலாளி எங்கள் சங்கத்தைக் கேள்விப்பட்டுத் தம் டிரைவர்களை அனுப்பினார். கண் சரியாக இருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். வெளியார் ஒருவர் எங்கள் பேச்சை நம்பியது அதுதான் முதல் தடவை. சார் அன்று எங்களுக்கு அல்வா வாங்கித் தந்தார். டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கடைசி வரியைப் படித்தார்கள். ஒருவருக்கும் இமை சுருங்கவில்லை.

இதில் சாருக்கு ஒரு குழப்பம் இருந்தது. கடைக்கு வரும் முஸ்லிம்களில் அநேகம் பேர் கடைசி வரியின் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். மற்றவர்கள் சரசரவென்று படித்து முடிப்பார்கள். யோசித்து யோசித்து, கண்ணுக்குச் சுர்மா மை இடுவதுதான் காரணம் என்று சார் முடிவு கட்டினார். பூட்டு ரிப்பேர் செய்யும் காதர் பாயிடம் சுர்மாவை நிறுத்தச் சொல்லியிருந்தார். பாய் இரண்டு மாதம் கழித்து வந்தார்.

“சுர்மாவ விட்டாச்சு சார். பெருநாளைக்குக்கூட இடல. வீட்டுல என்னய மய்யித்துப் பொணம் மாதிரி இருக்கேங்குறாக.”

“படிங்க பாய்.”

“ச. ர. வ.” பாய் நிறுத்தினார். “அதுக்குப் பொறவு ஒரு கட்டெறும்பு உக்காந்திருக்கு.”

“நல்லாப் பாருங்க.”

“நல்லாத்தான் பாக்குறேன். போன தடவையும் உக்காந்திருந்துச்சு. நான் எறும்பைப் படிக்கவா, எழுத்தைப் படிக்கவா?”

பரிசோதனைக்கு நடுவில் சார் முதல் தடவையாக அட்டையிடம் நடந்து போனார். முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். நான்காவது எழுத்தின் சுழிகளெல்லாம் பெயிண்டில் அடைத்துப்போய் ஒரே கறுப்புக் கட்டியாக இருந்தது. கையருகில் வைத்தாலும் அது இன்ன எழுத்து என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

“அது என்ன எழுத்துய்யா?” என்று என்னைக் கேட்டார்.

“ண, சார்.”

“எப்படிச் சொல்ற?”

“ச ர வ ண ப வ” என்றேன். அட்டையைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

பாய் சோதனைச் சட்டம் மூக்கில் இருக்கும்போதே சிரித்தார். “அட, முருகன் பேரா? எங்க ஆளுகளுக்கு அதுல பிஸ்மில்லான்னு எழுதிப் போடுங்க சார். கண்ண மூடிக்கிட்டே வாசிப்பாக.”

அவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. கழற்றிய வில்லையைப் பெட்டியில் அதன் பள்ளத்தில் வைக்கப் போனார். அது விளிம்பில் தட்டித் தட்டி ஓசை எழுப்பியது.

அட்டையை எழுதிய பெயிண்டரைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “நீங்க அளவத்தானே சார் சொன்னீக. எழுத்து ஏதாச்சும் போடுன்னீக. மொட்டையா ட, ங, ழன்னு கோத்து எழுதினா எழுதினவன் குடும்பம் வெளங்காது. அதேன் கடைசியில சாமி பேரப் போட்டேன். ஆறு எழுத்து கேட்டீக, ஆறு சரியா இருக்குல்ல?”

சரியாகத்தான் இருந்தது. அட்டை வந்த நாளில் சார் ஒவ்வொரு எழுத்தின் உயரத்தையும் அளவுகோல் வைத்துச் சரிபார்த்திருந்தார். என்ன எழுத்து என்று பார்க்கவில்லை. நானும் மற்ற கடைக்காரர்களும் பார்த்தோம். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருப்பதுபோல இதுவும் இருக்க வேண்டியதுதானே என்று எண்ணிக்கொண்டோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“என்ன தெரியுதுன்னு கேட்டேன். அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாங்க” என்றார் சார். பிறகு, “அந்த டிரைவர்கள்...” என்றார்.

ஒச்சப்பன் என்ற டிரைவர் எனக்கு நன்றாக நினைவிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். தேர்வாகி வெளியே போகும்போது எங்கள் கண்ணாடி அலமாரியில் முழங்காலை இடித்துக்கொண்டு, “இதை யாரு நடுவுல வச்சது?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அலமாரி அங்கேதான் எப்போதும் இருந்தது.

சாரிடம் சொன்னேன். “நீ போய் அவன் வண்டியில ஏறு. ஒண்ணும் சொல்லாத. தப்பா நினைச்சுட்டா ஒருத்தன் பிழைப்புப் போயிடும். சரியா இருந்துட்டா...” என்றார் அவர்.

ஒச்சப்பனின் பஸ் திருமங்கலத்துக்கு ஓடியது. அன்று சந்தை நாள். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். கண்டக்டர் சின்னக்காளை ஒச்சப்பனின் மச்சினன். உள்ளே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டிய ஆள், முன் படியில் தொற்றிக்கொண்டு விடாமல் பேசிக்கொண்டே வந்தான்.

“மாமா, மாட்டு வண்டி ரெண்டு, எடது கைப்பக்கம். கெழவி ஒண்ணு, தலையில கட்டு. அடிச்சுத் தூக்கிறாத, அது உன் சின்னாத்தா மாதிரி இருக்கு.”

“எங்க சின்னாத்தா உங்க வீட்டுப் பொண்ணு கணக்கா அசிங்கமாவா இருப்பா?”

வண்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவன் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங் சக்கரம் திரும்பியது என்பதைக் கவனித்துவிட்டேன். பசுமலையிலிருந்து கப்பலூர் வரைக்கும் கவனித்தேன். அவன் பேச்சில் ஒன்றுகூட வெறும் வேடிக்கை இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் புளிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த வெள்ளைக்கு நடுவில் வண்டியை விட்டுக்கொண்டிருந்தார் ஒச்சப்பன். மற்றதெல்லாம் மச்சினன் வாயிலிருந்து வந்தது.

கப்பலூரில் பின்னால் ஒரு சச்சரவு. ஒருத்தியின் கூடையிலிருந்த கோழி இன்னொருவர் வேட்டியைப் பாழாக்கிவிட்டது. சின்னக்காளை உள்ளே போனான். கூட்டத்தில் அவனால் திரும்பி வர முடியவில்லை. அந்த ஊரைத் தாண்டினால் சாலை ஒரு கண்மாய்க் கரைமேல் ஏறும். அங்கே புளிய மரம் கிடையாது. வலது பக்கம் வயல், இடது பக்கம் தண்ணீர்.

“மாப்ள” என்றார் ஒச்சப்பன்.

பின்னால் சண்டைச் சத்தம்தான் கேட்டது.

“மாப்ள, முன்னால என்னடா?”

முன்னால் ஒரு வைக்கோல் வண்டி சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. எனக்கு அது மாடுகளின் மூக்கணாங்கயிறு வரைக்கும் தெரிந்தது. வேகம் குறையவில்லை. குறைத்தால் ஏற்றத்தில் இயந்திரம் நின்றுவிடும். அவர் முகத்தைப் பார்த்தேன். சாரிடம் அட்டையைப் படித்தபோது சுருங்காத இமைகள் இப்போது ஊசி முனைபோல் சுருங்கியிருந்தன.

“வைக்கல் வண்டிண்ணே! எதுக்க!”

“எங்கிட்டு?”

“நடுவுல! இங்கிட்டு ஒடிங்க, எடது, எடது, போதும்!”

வைக்கோல் பஸ்ஸின் முழு நீளத்துக்கும் உரசிக்கொண்டு போனது. என் பக்கத்துச் சக்கரத்தின் அடியிலிருந்து கற்கள் பெயர்ந்து தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கீழே பார்த்தேன். கரை தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது.

கரையைக் கடந்து மறுபடி புளிய மரங்கள் வந்த பிறகுதான் அவர் கேட்டார். “அண்ணே, நீங்க ஆரு?”

“கண்ணாடிக் கடை.”

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். “சார்ட்ட சொல்லிருவீகளா?”

நான் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சின்ன வயசுல காட்டுக் காவலுக்கு விட்டாக. குருவி வந்து தின்னுட்டுப் போறது எனக்குத் தெரியல. கண்ணிருந்தும் குருட்டுப் பயன்னு எங்கய்யா வெரட்டிட்டாரு. வேற எந்த வேலைக்குப் போனாலும் எவனாச்சும் கண்டுபுடிச்சிருவான். இதுல மட்டுந்தேன் என் மாப்ள கூட இருக்கான். இதையும் புடுங்கிட்டா நான் எங்கிட்டுப் போக?”

மதுரைக்குத் திரும்ப நான் பஸ் ஏறவில்லை. திருமங்கலத்திலிருந்து ரயிலில் வந்தேன். அப்படியே அடுத்த ரயிலைப் பிடித்து வேறு ஊருக்குப் போய்விடலாமா என்றும் தோன்றியது. எத்தனையோ ஊர்களைவிட்டு அப்படிப் போயிருக்கிறேன். கற்கள் தண்ணீரில் விழுந்த சத்தம் காதைவிட்டுப் போகாததால் கடைக்குப் போய் நடந்ததையெல்லாம் சாரிடம் சொன்னேன்.

சார் சங்கத்தைக் கூட்டினார். நாங்கள் சரியென்று எழுதிக் கொடுத்த டிரைவர்கள் அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும், ஏன் என்பதையும் முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்றார். திண்டுக்கல் கடைக்காரர் எழுந்தார்.

“அட்டைய மாத்திருவோம். அதோட விடுங்க சார். நம்ம சங்கம் நேத்துப் பிறந்த புள்ள. நாங்களே தப்பாப் பாத்தோம்னு ஊருக்குச் சொன்னா, தட்டுல விக்கிறவன்கூடச் சிரிப்பான். ஆஸ்பத்திரி டாக்டருங்க நம்ம பலகைய இறக்கச் சொல்லிருவாங்க.”

“இறக்கச் சொல்லலாம்” என்றார் சார். “அவங்க சொல்றதுக்கு முந்தி அந்த பஸ் கண்மாய்க்குள்ள இறங்கிடக் கூடாது.”

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. பயந்தவர்கள் வாதாட மாட்டார்கள். இரண்டு பேர் அன்றே சங்கத்தைவிட்டு விலகினார்கள்.

புது அட்டைக்கு சார் பெயிண்டரை நம்பவில்லை. அச்சுக்கூடத்தில் எழுத்துகளைத் தனித்தனியாக அடித்து வாங்கி ஒட்டினார். கடைசி வரி ட, க, ம, ய, ப, ல. மாட்டுவதற்கு முன் காதர் பாயிடமும், பக்கத்துப் பூக்கடைக்காரரிடமும், தம் சபை உபதேசியாரிடமும் காட்டி, இது யாருக்காவது ஏதாவது சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டார்.

ஒச்சப்பன் வந்தார். சின்னக்காளை வாசலிலேயே நின்றான். முதலாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சார் கை கழுவித் துடைத்து, சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை மூடினார்.

“கடைசி வரியில என்ன தெரியுது, சொல்லுங்க.”

“ச” என்றார் ஒச்சப்பன். நெற்றியில் வியர்வை வழிந்தது. “ர. வ. ண.”

முதலாளி அட்டையைப் பார்த்தார், ஒச்சப்பனைப் பார்த்தார், வாயைத் திறந்தார். சார் அவரை நோக்கிக் கையை மட்டும் உயர்த்தினார்.

“ப. வ.”

“சரி” என்றார் சார். “அதுக்கு மேல் வரி.”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்ததற்கும் இல்லை. உச்சியில் தனியாக நின்ற ஒற்றை எழுத்து மட்டும்தான் தெரிந்தது. சின்னக்காளை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

சார் நடுவில் ஊசித் துளை போட்ட கறுப்புத் தட்டை எடுத்துச் சட்டத்தில் பொருத்தினார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் துளை வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளிந்தால், கண்ணாடி போட்டுச் சரிசெய்துவிடலாம். தெளியாவிட்டால் கண்ணுக்குள் நோய். எங்களால் ஆவது ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியாலும் ஆகுமா என்பது தெரியாது. ஆயிரம் பேருக்கு அந்தத் தட்டை நான் எடுத்துக் கொடுத்திருப்பேன். அன்றுபோல் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. பொய் சொல்வது இனி அவருக்கும் உதவாது. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஒச்சப்பன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் துளையைத் தேடினார். பிறகு தலை அசையாமல் நின்றது.

“ட” என்றார்.

சார் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “சரி, அடுத்தது.”

“க. ம.” திரும்பி எங்களைப் பார்த்தார். “சாமி பேரு எங்க சார் போச்சு?”

இரண்டு கண்ணுக்கும் அடுத்த நாளே நான் வில்லை தேய்த்தேன். முதலாளிதான் வழிக்கு வரவில்லை. கண்ணாடி போட்ட டிரைவரைக் கண்டால் சனம் ஏறாது, குருடன் ஓட்டுகிற வண்டி என்பார்கள் என்றார். ஆளில்லாமல் ஒரு நடை விடுங்கள், நானும் கூட உட்கார்ந்து வருகிறேன், அதற்குப் பிறகும் பயமாக இருந்தால் அவரை நிறுத்திவிடுங்கள் என்று சார் கேட்டுக்கொண்டார். முதலாளி அரை மனதோடு சம்மதித்தார்.

காலையில் கிளம்பினோம். சாரும் நானும் முன்னால். சின்னக்காளை வழக்கம்போலப் படியில் நின்றான். ஆனால் பேசக் கூடாது என்று சார் சொல்லியிருந்தார். அவன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். பசுமலை வரையில் ஒச்சப்பன் சிறுபிள்ளை மாதிரி இருந்தார். புளிய மரத்துக்கு இலை தனித்தனியாக இருக்கிறது என்றார். ஒரு நாயைப் பார்த்துத் தானாகவே ஹாரன் அடித்துவிட்டு, “அது நாய்தானே?” என்று சின்னக்காளையைக் கேட்டார். அவன் துண்டை எடுக்காமல் தலையாட்டினான்.

போகப் போக வேகம் குறைந்தது. எதிரே வந்த மாட்டு வண்டிக்கு எவ்வளவோ தூரத்திலேயே ஒதுங்கி நின்றுவிட்டார். “இம்புட்டு கிட்டக்கவா வருவாக?” என்றார். கப்பலூர் தாண்டி ஏற்றத்தில் ஏறினோம். உச்சிக்கு வந்ததும் பிரேக்கைப் போட்டு இயந்திரத்தை நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து எழவில்லை. சார் அவர் தோளில் கையை வைத்தார். அதை அவர் உணர்ந்ததாகவே தெரியவில்லை.

இடது பக்கம் கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையின் சரிவில் கல் பெயர்ந்த பள்ளங்கள் வரிசையாக, பழையதும் புதியதுமாகத் தெரிந்தன. நான் பார்த்த ஒரு நாளின் கற்கள் மட்டுமல்ல அவை.

“மாப்ள” என்றார் ஒச்சப்பன். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. “இந்தக் கம்மா எப்பருந்துடா இங்க இருக்கு?”

சின்னக்காளை வாயிலிருந்த துண்டை எடுத்தான்.

“எப்பவும் இங்கனதேன் இருந்துச்சு மாமா” என்றான். “தெனமும் நான்தேன் பாத்துக்கிட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டுப் படியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.